அமி, கொப்பே(ன்), கொப்பீன்: பிரெஞ்சில் நண்பனும் தோழியும்

கேள்வி இது: பிரெஞ்சில் நண்பனுக்கும் தோழிக்கும் தனித்தனிச் சொல் உண்டா? 'அமி' இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கேட்கிறது. 'கொப்பே(ன்)', 'கொப்பீன்' என்றால் காதலன், காதலி என்று சிலர் சொல்கிறார்கள், வெறும் நண்பர்கள்தான் என்று சிலர் சொல்கிறார்கள். எதை எங்கே பயன்படுத்துவது?

தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆனால் எல்லோரும் முதலில் படிக்கிற 'அமி'யில் ஆண், பெண் வேறுபாடு தாளில் மட்டும்தான் இருக்கிறது, காதில் விழாது. காதில் விழுவது அதற்கு முன்னால் நிற்கும் குட்டிச் சொல். நண்பனா காதலனா என்பதையும் பெரும்பாலும் அந்தக் குட்டிச் சொல்லே முடிவு செய்கிறது. அதனால் 'அமி', 'கொப்பே(ன்)', 'கொப்பீன்' என்று தனியாக உருப்போடாமல், முன்சொல்லையும் சேர்த்தே படிக்க வேண்டும். பலர் தடுமாறுவது இதைச் செய்யாததால்தான்.

உச்சரிப்பை முதலில் சரி செய்துகொள்வோம். கீழே (ன்) என்று அடைப்புக்குள் போட்டிருக்கும் இடமெல்லாம் மூக்கொலி. தமிழருக்கு இது புதிதல்ல. பேச்சில் 'வந்தேன்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி 'ன்'னுக்கு நாக்கு மேலே போய்த் தொடாது, 'ஏ' மட்டும் மூக்கு வழியாக வந்து நின்றுவிடும். 'கொப்பே(ன்)' முடிவது கிட்டத்தட்ட அந்த ஒலியில். 'போறோம்' என்னும்போது உதடு மூடாமல் வரும் ஒலிதான் 'மோ(ன்)', அதாவது 'என்'. 'ஒரு' என்பதற்கு ஆண்பாலில் 'அ(ன்)', பெண்பாலில் 'யுன்'. பாரிஸில் பலர் 'அ(ன்)'னை 'எ(ன்)' போலச் சொல்வார்கள். 'யுன்' என்று எழுதியிருந்தாலும் அது 'யூ' இல்லை. வாய்க்குள் 'ஈ' சொல்லிக்கொண்டே உதட்டை 'ஊ'வுக்குக் குவித்தால் வருகிற ஒலி. இதைச் சரியாகப் பழகாதவர்கள் 'ஒரு தோழி' என்று சொன்னாலும் கேட்பவருக்குப் புரியாமல் போகும், ஏனென்றால் பால் முழுக்க அந்த உயிரொலியில்தான் இருக்கிறது.

இனி 'அமி'. ஆண்பாலை ஏ-எம்-ஐ என்று எழுத வேண்டும் (எழுத்துகளை இங்கே ஆங்கிலப் பெயர்களால் சொல்கிறேன்). பெண்பாலுக்குக் கடைசியில் ஓர் ஈ சேரும்: ஏ-எம்-ஐ-ஈ. அந்த ஈ பிரான்சில் ஒலிக்காது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சுப் பகுதியிலும் பலர் பெண்பாலின் கடைசி உயிரைச் சற்று நீட்டி 'அமீ' என்பார்கள், அங்கே கவனித்துக் கேட்டால் வேறுபாடு பிடிபடும். பாரிஸில் பிடிபடாது. பன்மையில் எஸ் சேரும், அதுவும் ஒலிக்காது. ஆக நான்கு எழுத்து வடிவங்களுக்கு ஒரே உச்சரிப்பு.

தமிழ்க் காது வாக்கியத்தின் கடைசியில் பாலைத் தேடும். 'என் ஃபிரெண்ட் வந்தாள்' என்றால் வினைமுற்றே சொல்லிவிடும். பிரெஞ்சு வினையில் அந்த உதவி கிடையாது. காதை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைக்க வேண்டும். 'அன்னமி' என்று கேட்டால் நண்பன், 'யுனமி' என்று கேட்டால் தோழி. 'அ(ன்)'னின் ன் அடுத்த உயிரோடு ஒட்டி உயிர் பெறுவதைக் கவனியுங்கள். 'ஒருவர்கூட இல்லை' என்னும் பொருளில் வரும் 'ஒக்க(ன்)', 'ஒக்யுன்' இரண்டும் இதே போலப் பாலைக் காட்டும்.

காட்டாதவைதான் அதிகம். 'அந்த' என்று குறிப்பிட்டுச் சொல்லும் ஆர்ட்டிகிள் ஆண்பாலில் 'ல', பெண்பாலில் 'லா'. ஆனால் உயிரெழுத்துக்கு முன்னால் இரண்டும் சுருங்கி வெறும் 'ல்' ஆகி 'லமி' என்றே நிற்கும். 'இந்த' என்பது ஆண்பாலில் 'ஸ', உயிருக்கு முன்னால் அது 'ஸெத்' ஆகும். பெண்பாலும் 'ஸெத்'தான். ஆக 'இந்த நண்பன்', 'இந்தத் தோழி' இரண்டும் 'ஸெத்தமி'. 'எங்கள்', 'உங்கள்', 'அவர்களுடைய' ஆகியவை ஒருமையில் பால் பார்ப்பதே இல்லை.

அடைமொழி சேர்த்தால் தெளிவாகிவிடும் என்று நினைப்போம். அங்கேயும் அதே கதை. 'நல்ல' என்பதற்கு ஆண்பால் 'போ(ன்)', பெண்பால் 'பொன்'. தனியாக நின்றால் நன்றாகவே வேறுபடும். 'அமி' பின்னால் வந்ததும் ஆண்பாலின் மூக்கொலி கரைந்து ன் தனியாக எழும்பி 'பொனமி' ஆகிறது. பெண்பாலும் 'பொனமி'. 'பழைய' என்பதன் ஆண்பால் 'வியெ' உயிருக்கு முன்னால் 'வியெய்' ஆகும், பெண்பாலும் 'வியெய்'. 'புதிய' இரண்டிலும் 'நூவெல்'. 'முன்னாள்' இரண்டிலும் 'ஆ(ன்)ஸியென்'. 'சின்ன' இரண்டிலும் 'ப்தித்'. 'அன்புள்ள' இரண்டிலும் 'ஷேர்'. எழுத்தில் ஒவ்வொன்றும் வேறு, வாயில் ஒன்று.

விதிவிலக்காக அழகாக நிற்பது 'பெரிய' என்னும் 'க்ரா(ன்)'. ஆண்பாலில் எழுத்து டி என்று முடிந்தாலும், உயிரோடு ஒட்டும்போது அது 'பத்து' என்பதில் வரும் வல்லின த ஆக ஒலிக்கும். பெண்பாலில் 'பந்து' என்பதில் வரும் மெதுவான த. தமிழில் ஒரே எழுத்தால் எழுதுகிற இந்த இரண்டு ஒலிகளும் அங்கே நண்பனையும் தோழியையும் பிரித்துக் காட்டுகின்றன.

அடுத்து, வகுப்பில் தவறாமல் விழும் குழி: 'என் தோழி'. 'என்' என்பது ஆண்பால் சொல்லுக்கு முன்னால் 'மோ(ன்)', பெண்பால் சொல்லுக்கு முன்னால் 'மா'. எனவே 'மா அமி' என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. தோழியாக இருந்தாலும் 'மோன்னமி'தான். 'ஆ'வும் 'அ'வும் மோதிக்கொள்வதைப் பிரெஞ்சு விரும்பாது, அதற்காக ஆண்பால் வடிவத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறது. நாம் 'ஒரு வீடு' என்றும் 'ஓர் ஊர்' என்றும் எழுதுவது போல, பின்னால் வரும் ஒலிதான் முன்சொல்லின் வடிவத்தை முடிவு செய்கிறது. சொல்லின் பால் மாறவில்லை. ஆகவே 'மோ(ன்)' என்று எழுதினாலும் கடைசி ஈயை விட்டுவிடக் கூடாது. 'மோ(ன்)' வந்துவிட்டதே என்று ஈயை வெட்டிவிடுவதுதான் இரண்டாவது குழி.

பழைய பிரெஞ்சில் இதற்கு வேறு வழி இருந்தது. 'மா'வின் உயிரைக் கழித்து 'மமி' என்று ஒட்டிவிடுவார்கள். பிறகு மக்கள் அதை 'மா மி' என்று தவறாகப் பிரித்துக் கேட்டார்கள். அப்படித்தான் 'மி' என்று காதலிக்கு ஒரு புதுச் சொல் பிறந்தது. பழைய பாட்டுகளில் 'மா மி' என்று வந்தால் அது 'என் கண்மணி' என்னும் பொருளில் வருகிறது. ரொட்டியின் மெதுவான உள்பகுதிக்கும் 'மி' என்று பெயர், ஆனால் அது வேறு வேர்.

இந்தக் கடன் 'அமி' உடனே அடுத்து வந்தால்தான். நடுவில் மெய்யெழுத்தில் தொடங்கும் அடைமொழி வந்தால் 'மா' தன் இடத்துக்குத் திரும்பிவிடும். 'மோ(ன்) மெய்யேர் அமி' என்றால் என் உற்ற நண்பன், 'மா மெய்யேர் அமி' என்றால் என் உற்ற தோழி. இங்கே 'மெய்யேர்' இரண்டிலும் ஒரே ஒலி, 'மோ(ன்)'-'மா' மட்டுமே பாலைச் சொல்கிறது. 'ஆ(ன்)ஸியென்' உயிரில் தொடங்குவதால் 'என் முன்னாள் தோழி' என்பதற்கு மறுபடியும் 'மோ(ன்)' வரும்.

ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 'அவனுடைய', 'அவளுடைய' என்று உடைமையாளரைப் பார்த்துப் பிரெஞ்சு மாறாது. பின்னால் வரும் பெயர்ச்சொல்லின் பாலைத்தான் பார்க்கும். 'ஸோ(ன்) கொப்பே(ன்)' என்பது அவனுடைய நண்பனாகவும் இருக்கலாம், அவளுடைய நண்பனாகவும் இருக்கலாம். 'ஸோன்னமி' என்று காதில் விழுந்தால் இன்னும் கடினம். அவனுடைய நண்பன், அவனுடைய தோழி, அவளுடைய நண்பன், அவளுடைய தோழி ஆகிய நான்கும் அதற்குள் அடங்கும்.

பேச்சில் தெளிவு வேண்டுமானால் 'யுனமி அ ம்வா', அதாவது 'எனக்குத் தெரிந்த ஒரு தோழி' என்று சொல்லுங்கள். அல்லது 'யுன் த மேஸமி', 'என் தோழிகளில் ஒருத்தி'. பன்மைக்கு 'தூ மேஸமி' என்றால் ஆண்களோ கலந்த கூட்டமோ, 'தூத் மேஸமி' என்றால் பெண்கள் மட்டும். பெயரைச் சேர்ப்பது எல்லாவற்றையும் விட எளிது: 'மோன்னமி பிரியா'. அடுத்த வாக்கியத்தில் 'எல்' அதாவது 'அவள்' வந்தாலே போதும், சந்தேகம் தீர்ந்துவிடும்.

'கொப்பே(ன்)', 'கொப்பீன்' இணையில் இந்தத் தொல்லை இல்லை. காதுக்கு இரண்டும் நன்றாகவே வேறு. எழுதும்போதுதான் பிசகும். ஆண்பால் சி-ஓ-பி-ஏ-ஐ-என், பெண்பால் சி-ஓ-பி-ஐ-என்-ஈ. 'அமெரிக்கே(ன்)' போன்ற சொற்களில் ஏ-ஐ-என் என்பது பெண்பாலில் ஏ-ஐ-என்-ஈ ஆகும். அந்தப் பழக்கத்தில் கொப்பீனுக்கும் நடுவில் ஏ போட்டுவிடுவார்கள். இந்தச் சொல் அந்த வழியில் போகவில்லை. 'கூஸே(ன்)-கூஸீன்', 'வ்வாஸே(ன்)-வ்வாஸீன்' (ஒன்றுவிட்ட உடன்பிறப்பு, பக்கத்து வீட்டார்) ஆகியவற்றின் ஒலியைப் பின்பற்றிப் போனது. வேர் லத்தீனின் 'பானிஸ்', ரொட்டி. ரொட்டியைப் பகிர்ந்து உண்பவன் என்னும் பழைய பொருளிலிருந்து வந்த சொல்.

'அமி'யை விடக் கொப்பே(ன்) இலகுவானது. பள்ளிப் பிள்ளைகள், கல்லூரித் தோழர்கள், சேர்ந்து பந்து விளையாடுபவர்கள் எல்லாம் கொப்பே(ன்)தான். வயதானவர்கள், நெடுநாள் ஆழமான நட்பைச் சொல்லும்போது 'அமி' என்பார்கள். இரண்டுக்கும் கீழே, வெறும் அறிமுகம் மட்டும் என்றால் 'யுன் கொனெஸா(ன்)ஸ்'. இந்தச் சொல் ஆணைக் குறித்தாலும் இலக்கணத்தில் எப்போதும் பெண்பால். அறிமுகமான ஒருவர் ஆண் என்பதற்காக 'அ(ன்)' போடக் கூடாது.

காதலனா நண்பனா என்பது உண்மையில் கேள்வியின் மையம். கொப்பே(ன்), கொப்பீன் இரண்டு பொருளையும் தாங்கும். பிரிப்பது அதைச் சுற்றி இருக்கும் சொற்கள். 'மோ(ன்)' அல்லது 'மா' போட்டு, ஒருமையில், வேறெதுவும் சேர்க்காமல் நிறுத்தினால் கேட்பவர் காதலன் அல்லது காதலி என்றே எடுத்துக்கொள்வார். 'மா கொப்பீன் வருகிறாள்' என்று ஓர் இளைஞன் சொன்னால் அவனுடைய காதலி வருகிறாள். 'யுன் கொப்பீன் வருகிறாள்' என்றால் தோழி ஒருத்தி வருகிறாள். பன்மையானால் உடனே நட்பு: 'மே கொப்பே(ன்)', 'மே கொப்பீன்'. பின்னால் ஏதாவது ஒட்டினாலும் நட்பு: வகுப்புத் தோழன், சிறுவயதுத் தோழி என்னும் பொருளில் 'த க்ளாஸ்', 'தா(ன்)ஃபா(ன்)ஸ்' சேர்த்தால் காதல் பொருள் விலகும். 'மெய்யேர்' சேர்த்தாலும் விலகும். ஒரு பெண் தன் தோழியைப் பெயரோடு 'மா கொப்பீன் பிரியா' என்று சொல்வது மிகச் சாதாரணம், அங்கே தோழி என்றே புரியும். ஆண் அதே வாக்கியத்தைச் சொன்னால் பெயர் மட்டும் போதாது, காதலி என்று நினைப்பதற்கே வாய்ப்பு அதிகம். அப்போது 'யுன் கொப்பீன்' அல்லது 'யுனமி' பாதுகாப்பு. இன்னும் அழுத்தம் வேண்டுமானால் 'ஸே ஜ்யுஸ்த் யுனமி', 'தோழி மட்டும்தான்'.

இதே விதி 'அமி'க்கும் ஓரளவு பொருந்தும். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் நிற்பவரைக் காட்டி, பெயர் சொல்லாமல் 'மோன்னமி' என்று அறிமுகம் செய்தால் துணைவராக இருக்கலாம். சந்தேகமே இல்லாமல் காதலைச் சொல்பவை 'ப்தித் அமி' (காதலன், காதலி இரண்டும் ஒலியில் ஒன்று) மற்றும் 'ப்தி கொப்பே(ன்)', 'ப்தித் கொப்பீன்'. 'ப்தி' என்றால் 'சின்ன' என்று படித்தவர்கள், குள்ளமான நண்பனைச் சொல்ல இதைப் பயன்படுத்தி மாட்டிக்கொள்வார்கள். நண்பனின் உயரத்தைச் சொல்ல வேண்டுமானால் தனி வாக்கியமாகச் சொல்வது நல்லது. சேர்ந்து வாழும் துணைக்கு 'கோ(ன்)பாஞோ(ன்)', பெண்ணானால் 'கோ(ன்)பாஞ்'. ஆண்பாலின் கடைசி அசை பெண்பாலில் உதிர்ந்துவிடும். திருமணமில்லாமல் பதிவு செய்து சேர்ந்து வாழ 1999-இல் பிரான்சில் 'பாக்ஸ்' என்னும் ஒப்பந்தச் சட்டம் வந்தது. அப்படிப் பதிந்துகொண்டவர்கள் 'பார்த்தனேர்' என்பார்கள், இது இருபாலுக்கும் ஒன்று.

வடிவம் மாறாமல் ஆர்ட்டிகிள் மட்டும் மாறும் சொற்கள் வேறு சில உண்டு. 'பொத்' பேச்சு வழக்கு, நம் ஊர் 'மச்சி' போல நெருக்கமானது: 'அ(ன்) பொத்', 'யுன் பொத்'. 'காமராத்' இரண்டு இடங்களில் வாழ்கிறது, பள்ளியில் வகுப்புத் தோழராகவும், இடதுசாரிக் கட்சிக் கூட்டத்தில் 'தோழர்' என்ற விளியாகவும். உடன் வேலை செய்பவர் 'கொலேக்'. இவை மெய்யில் தொடங்குவதால் 'மா பொத்', 'மா காமராத்' என்று பெண்பாலுக்கு 'மா' இயல்பாக வரும், மேலே சொன்ன கடன் வாங்கல் தேவையில்லை. தெருப்பேச்சில் 'மோ(ன்) மெக்' என்றால் காதலன், 'மா மெஃப்' என்றால் காதலி. 'மெஃப்' என்பது 'ஃபாம்' அதாவது பெண் என்னும் சொல்லைத் திருப்பிப் போட்டு உண்டானது. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், அலுவலகத்திலும் தேர்விலும் சொல்லாதீர்கள்.

கனடாவின் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மான்ட்ரியலில் ஒரு பெண் 'மோ(ன்) ச்சொம்' என்றால் காதலன் அல்லது துணைவன். ஆண்கள் தங்களுக்குள் 'மே ச்சொம்' என்றால் கூட்டாளிகள். காதலிக்கு 'மா ப்ளோ(ன்)த்'. சொல்லுக்குப் பொன்னிற முடிக்காரி என்று பொருள், ஆனால் முடி கறுப்பாக இருந்தாலும் அவள் 'ப்ளோ(ன்)த்'தான். பிரான்சில் இதே வாக்கியத்தைச் சொன்னால் முடியின் நிறத்தைச் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கூட்டமாகப் பேசும்போது, பத்துப் பெண்களோடு ஓர் ஆண் இருந்தாலும் பாடப்புத்தக இலக்கணம் ஆண்பால் பன்மையையே கேட்கும். பெண்கள் மட்டும் இருந்தால்தான் ஈ-எஸ். இருபாலரையும் காட்ட வேண்டும் என்று பலர் எழுத்தில் நடுப்புள்ளி வைக்கிறார்கள்: அமி, புள்ளி, ஈ, புள்ளி, எஸ். இதை எதிர்த்து, மொழியைக் கண்காணிக்கும் அமைப்பான பிரெஞ்சு அகாதெமி 2017 அக்டோபர் 26-இல் மொழிக்கு உயிராபத்து என்று அறிக்கை விட்டது. அதே ஆண்டு நவம்பர் 21 தேதியிட்ட சுற்றறிக்கையில் பிரதமர் எதுவார் ஃபிலிப், அரசிதழில் வரும் ஆவணங்களில் இந்த முறை வேண்டாம் என்று அமைச்சகங்களுக்குச் சொன்னார். சங்கங்கள், பல்கலைக்கழகங்களின் அறிவிப்புகளில் அது தொடர்ந்து வருகிறது. படித்தால் புரியும் அளவுக்குத் தெரிந்துகொள்வது அவசியம், தேர்வில் முழுச் சொல்லாக எழுதுவதே நல்லது. மேடையில் 'அன்பு நண்பர்களே, அன்புத் தோழிகளே' என்று சொல்லிப் பயனில்லை. 'ஷேர்ஸமி, ஷேர்ஸமி' என்று ஒரே சொல் இரண்டு முறை விழும். 'கொப்பே(ன்)களே, கொப்பீன்களே' என்றால் மட்டும் வேறுபாடு கேட்கும்.

வாக்கிய அமைப்பில் ஒன்று. 'அவள் ஒரு தோழி' என்பதற்கு 'எல் எ யுனமி' என்று எழுதுவது தமிழ், ஆங்கிலம் இரண்டிலிருந்தும் வரும் பிழை. ஆர்ட்டிகிளோ 'என்' போன்ற சொல்லோ பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இருந்தால் 'ஸே' ('இது') போட வேண்டும்: 'ஸேத் யுனமி', 'ஸே மா கொப்பீன்'. முன்சொல் இல்லாமல் பண்பு போல வந்தால் 'எல்' சரி: 'எல் எ அமி அவெக் ரவி', 'அவளும் ரவியும் நண்பர்கள்'. இங்கே அவள் பெண் என்பதால் கடைசி ஈ வேண்டும்.

பிரெஞ்சு மொழித்திறனைச் சோதிக்கும் டெல்ஃப் தேர்வின் தொடக்க நிலையான ஏ1-இல் நண்பருக்குக் குறைந்தது 40 சொற்களில் செய்தி எழுதச் சொல்வார்கள். அங்கே எழுதத் தொடங்குமுன் நண்பர் ஆணா பெண்ணா என்று முடிவு செய்து ஒரு பெயர் வைத்துவிடுங்கள். 'ஷேர் ரவி' என்றால் சி-எச்-ஈ-ஆர். 'ஷேர் பிரியா' என்றால் முதல் ஈயின் மேல் இடமிருந்து வலமாகச் சாயும் கோடு போட்டு, கடைசியில் இன்னோர் ஈ. பெயர் இல்லாமல் 'அன்புள்ள நண்பா' என்று தொடங்குவது பிரெஞ்சில் சற்று விறைப்பாக இருக்கும், சமவயதுத் தோழருக்கு 'ஸல்யு' ('ஹாய்') என்றே தொடங்கலாம். பிறகு ஒவ்வொரு வரியாகத் திரும்பிப் பாருங்கள். தோழி என்று முடிவு செய்தால், 'வந்தாள்', 'போனாள்', 'பிறந்தாள்' போல 'எத்ர்' துணைவினையோடு வரும் வடிவங்களுக்கும் ஈ சேரும். 'நான் அழைத்த தோழிகள்' என்பதில் அழைத்தவர்கள் வினைக்கு முன்னால் வந்துவிடுவதால் அங்கே 'அவ்வார்' என்னும் மற்றத் துணைவினை இருந்தாலும் ஈ-எஸ் வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை வாய்விட்டுப் படித்தால் தெரியாது. 'இந்தியன்' என்பது 'ஏ(ன்)தியே(ன்)' ஆகவும் 'ஏ(ன்)தியென்' ஆகவும் மாறுவது போன்ற சில சொற்கள்தான் காதில் பிடிபடும். மற்றதையெல்லாம் கண்ணால்தான் தேட வேண்டும், 'அமி'யின் ஈயிலிருந்து தொடங்கி.